வான்கோழிக் குஞ்சு வியாபாரம்: விற்பவர் அறிந்ததை வாங்குபவரும் அறிய வேண்டும்

ஹலாலான சம்பாத்தியம் என்று சொன்னால் நம்மில் பலருடைய மனத்தில் வட்டி, மது, சூது இவற்றை விலக்கிக்கொள்வது மட்டுமே தோன்றுகிறது. விற்கப்படும் பொருள் முற்றிலும் ஆகுமானதாக இருந்தும், விற்கும் முறையில் ஏற்படும் கோளாறினால் கைக்கு வரும் காசு அழுக்காகிவிடக் கூடும் என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. இதனால்தான் நம் இமாம்கள் ஷாஃபிஈ சட்ட நூல்களில் தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ்ஜு ஆகிய பாடங்களை முடித்த கையோடு வியாபாரப் பாடத்தைத் தொடங்கியிருக்கிறார்கள்.

இந்தப் பாடத்துக்கு உதாரணமாகச் சிறிய அளவில் வான்கோழிக் குஞ்சுகளை வளர்த்து விற்கும் தொழிலை எடுத்துக்கொள்கிறோம். கொல்லைப்புறமும் கொஞ்சம் பொறுமையும் உள்ள வீட்டில் தாய்மார்களே நடத்தக்கூடிய தொழில் இது. மேலும், விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத சங்கதிகள் இந்தத் தொழிலில் மிகுதி. அந்த இடைவெளியில்தான் ஷைத்தான் நுழைகிறான்.

வான்கோழி ஆகுமானதா?

முற்கால நூல்களில் வான்கோழியின் பெயரைத் தேடினால் கிடைக்காது. காரணம், அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்சிகோ நாட்டில் பழக்கப்படுத்தப்பட்ட இப்பறவையை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டவர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். எங்கிருந்தோ வந்த பறவை என்பதால் ஒவ்வொரு சமூகத்தாரும் அதற்கு வேறொரு நாட்டின் பெயரைச் சூட்டினர். எகிப்தில் அது 'ரூமிச் சேவல்', சிரியாவில் 'ஹபஷிச் சேவல்'. துருக்கியரோ அதை 'ஹிந்தி' என்கிறார்கள். 1612ஆம் ஆண்டு கோவாவிலிருந்து முகர்ரப் கான் கொண்டுவந்த அபூர்வப் பிராணிகளில் வான்கோழியும் இருந்தது. பேரரசர் ஜஹாங்கீர் அதைக் கண்டு வியந்து தம் நினைவு நூலில் வருணித்ததுடன், ஓவியர் மன்சூரைக் கொண்டு வரையவும் செய்தார்.

பெயர் புதிது, ஆயினும் சட்டம் புதிதல்ல. கூரிய நகங்களால் இரையைப் பிடித்துக் கிழித்துண்ணும் பறவைகளே விலக்கப்பட்டவை. வான்கோழியோ தானியமும் கீரையும் பூச்சியும் பொறுக்கித் தின்பது. ஆதலால் கோழியைப் போலவே முறைப்படி அறுத்து உண்ண ஆகுமானது. விற்பதும் வாங்குவதும் ஆகும். ஆனால் உருவத்தில் எவ்வளவு பெரியதாயினும் குர்பானிக்கும் அகீகாவுக்கும் அது ஈடாகாது. அவற்றுக்கு ஒட்டகம், மாடு, ஆடு ஆகிய கால்நடைகளே வேண்டும்.

குஞ்சின் முதல் வாரம்

இனி விஷயத்துக்கு வருவோம். கோழி முட்டை 21 நாளில் பொரியும். வான்கோழி முட்டை பொரிக்க 28 நாள் வேண்டும். பொரித்து வந்த குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவின் சத்தைக்கொண்டே இரண்டு மூன்று நாள் உயிர் வாழும். ரப்பின் ஏற்பாடு அது. அந்த அவகாசத்துக்குள் குஞ்சு தீனியையும் தண்ணீரையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். கோழிக்குஞ்சு இதை விரைவில் கற்றுக்கொள்கிறது. வான்கோழிக் குஞ்சோ மந்தமானது. தீனித் தட்டின் பக்கத்திலேயே நின்றுகொண்டு பட்டினியாகக் கிடக்கும். இரண்டாம் நாள் பார்த்தால் துறுதுறுவென்றிருக்கும். நான்காம் நாள், ஐந்தாம் நாள் தலை தொங்கிச் சாகும். முதல் வாரத்துச் சாவுகளில் பெரும்பங்கு நோயினால் அல்ல, பசியினால்தான்.

ஆகையால் வளர்ப்பவர் முதலில் கற்க வேண்டியது தின்னக் கற்பிக்கும் வித்தையே. தட்டை விரலால் மெல்லத் தட்டிக் காட்டினால் குஞ்சுகள் ஓடிவரும். தீனியிலும் தண்ணீரிலும் வண்ணக் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்தால் பளபளப்பைக் கண்டு கொத்தும். கூடவே தீனியும் வாய்க்குப் போகும். வான்கோழிக்குப் பச்சையின்மேல் ஆசை அதிகம். பொடியாக அரிந்த கீரையை மேலே தூவலாம். 10 குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டை வீதம் உதிர்த்துப் போட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்து 15 நாள்வரை கொடுத்து வந்தால் குஞ்சு தேறும். தண்ணீர்த் தட்டு ஆழமாக இருந்தால் குஞ்சு விழுந்து மூழ்கும். கூழாங்கல் பரப்பிவிடுவது நல்லது.

அடுத்தது சூடு. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரம் ஒன்றுக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே நான்கு வாரம்வரை விளக்குச் சூடு தேவை. குளிர்காலமாயின் இன்னும் ஓரிரு வாரம் கூடும். குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேலொன்று குவிந்தால் சூடு போதவில்லை. விலகி ஓடி வாய் திறந்து இரைத்தால் சூடு அதிகம். மூலையில் குவிந்து மூச்சுமுட்டிச் சாகாதிருக்க அட்டையினால் வட்டமாக வேலி கட்ட வேண்டும். வழுக்கும் காகிதத்தின்மேல் விட்டால் கால் அகன்று முடமாகும். உமி பரப்பி, முதல் சில நாள் அதன்மேல் சாக்கு விரிக்கலாம்.

தீனியும் வேறு. நான்கு வாரம்வரை வான்கோழிக் குஞ்சுக்கு நூற்றுக்கு 28 பங்கு அளவில் புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீனியில் அவ்வளவு இராது. எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை யாதெனில், கோழிகளோடு சேர்த்தோ, கோழிகள் மேய்ந்த தரையிலோ வான்கோழிகளை விடலாகாது. கோழியின் குடற்புழு வழியாகப் பரவும் ஒரு கிருமி கோழியைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. வான்கோழியின் ஈரலைத் தாக்கிக் கந்தக மஞ்சள் நிறத்தில் கழியவைத்துக் கொன்றுவிடும். வெள்ளைக் கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி உண்டு; கால்நடை மருந்தகத்தில் கேட்டு உரிய வயதில் போட்டுவிட வேண்டும்.

இவ்வளவையும் ஒரு மார்க்கப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று கேட்கலாம். இவை வளர்ப்பவரின் கடமை என்பதனால் எழுதினோம். வளர்க்கும் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளர்மீது வாஜிப் என்று சட்ட நூல்கள் கூறுகின்றன. பூனையொன்றைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் வேதனைக்குள்ளானதாக நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். காலைக் கட்டித் தலைகீழாகச் சைக்கிளில் தொங்கவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. விற்பவர் எதை அறிந்திருக்கிறார் என்பது தெளிவானால்தான், எதைச் சொல்ல அவர் கடமைப்பட்டவர் என்பதும் தெளிவாகும்.

சொல்லாமல் விற்றால்?

கணவரை இழந்த ஒரு தாய், சிறுகச் சேர்த்த பணத்தில் பொரித்து இரண்டே நாளான 10 குஞ்சுகளை வாங்கிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோழி வளர்த்த பழக்கத்தில் நொய்யைப் போட்டு, கோழிகளுடனேயே பஞ்சாரத்தில் கவிழ்க்கிறார். வாரம் முடிவதற்குள் ஏழு செத்துப்போகின்றன. அவர் விதியை நொந்து பேசாமல் இருந்துவிடுவார். விற்றவருக்கோ இப்படித்தான் ஆகும் என்பது விற்கும்போதே தெரியும். அந்த ஏழு குஞ்சின் விலை அவருக்கு எப்படிப்பட்ட காசு?

ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிற்று. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொல்ல, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று கண்டித்தார்கள். இந்நிகழ்ச்சி முஸ்லிம் ஷரீபில் பதிவாகியுள்ளது. அந்த வியாபாரி பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஈரத்தைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். இன்னும் தின்னத் தொடங்காத குஞ்சைத் தின்பது போல் காட்டி விற்பதும் ஈரத்தைக் கீழே வைப்பதே ஆகும்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரகத் உண்டு. மறைத்துப் பொய்யுரைத்தால் பரகத் அழிக்கப்படும் என்ற கருத்தில் ஹகீம் இப்னு ஹிஜாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. உண்மை பேசுதல் ஒன்று, தெளிவுபடுத்துதல் மற்றொன்று. கேட்டதற்குப் பொய் சொல்லாதிருந்தால் போதாது. கேட்கத் தெரியாதவருக்கும் சொல்ல வேண்டும்.

ஆகவே குஞ்சு விற்பவருக்கு நேரான வழி இரண்டு. ஒன்று, ஓரிரு நாள் குஞ்சை அதற்குரிய குறைந்த விலைக்கு விற்று, "இது இன்னும் தின்னப் பழகவில்லை, இன்னின்னபடி பழக்க வேண்டும், கோழிகளோடு விடாதீர்கள்" என்று சொல்லி அனுப்புவது. மற்றொன்று, நான்கு வாரம் தாமே வளர்த்து, சூடும் தேவையற்று, தின்னப் பழகி, தடுப்பூசியும் போட்ட குஞ்சைக் கூடுதல் விலைக்கு விற்பது. இந்தக் கூடுதல் விலை முற்றிலும் ஹலாலானது. இடையில் செத்தவற்றின் நட்டத்தையும் தீனிச் செலவையும் உழைப்பையும் தாம் சுமந்ததற்கான கூலி அது. முதல் வகைக் குஞ்சை இரண்டாம் வகையின் விலைக்குத் தள்ளிவிடுவதுதான் மோசடி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சிறு குஞ்சில் ஆண் பெண் வித்தியாசம் பழக்கமற்ற கண்ணுக்குத் தெரியாது. சில மாதம் சென்ற பின்பே வெளிப்படையாகத் தெரியும். அறியாதவர் "எல்லாம் பெட்டை" என்று உறுதி கூறி விற்பது பொய்ச் சாட்சியம் போன்றது. "எது எதுவென்று தெரியாது" என்று சொல்லி விற்றால் குற்றமில்லை.

"பிறகு நான் பொறுப்பல்ல"

சந்தையில் சிலர், "பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு நான் பொறுப்பல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி இப்படி நிபந்தனை போட்டால், உயிருள்ள பிராணியில் விற்றவருக்கே தெரியாமலிருந்த உள்குறைக்கு மட்டும் அவர் பொறுப்பிலிருந்து நீங்குவார். அறிந்தே மறைத்த குறைக்கு நீங்கமாட்டார். ஹனஃபீ மத்ஹபில் இந்நிபந்தனை செல்லும் என்றாலும், தெரிந்ததை மறைத்த பாவம் அங்கும் அப்படியே நிற்கிறது.

இதற்கு ஆதாரமாக முவத்தாவில் வரும் ஒரு வழக்கைக் கூறுவார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் இத்தகைய நிபந்தனையுடன் ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர் நோய் இருப்பதாக முறையிட, வழக்கு உஸ்மான் (ரலி) அவர்களிடம் சென்றது. விற்கும்போது நோயை அறிந்திருக்கவில்லை என்று சத்தியம் செய்யும்படி தீர்ப்பாயிற்று. இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய விரும்பாமல் அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் அவர் குணமாகி 1500 திர்ஹத்துக்கு விலைபோனார். சத்தியத்துக்குக் கூட அஞ்சி விலகியவருக்கு அல்லாஹ் ஏறக்குறைய இரு மடங்காகக் கொடுத்தான்.

வாங்கியவருக்கும் கடமை உண்டு. பழைய குறை தெரிந்தவுடன் தாமதமின்றித் திருப்ப வேண்டும். தெரிந்த பின்பும் வைத்துக்கொண்டு காலம் கடத்தினால் ஷாஃபிஈ மத்ஹபில் திருப்பும் உரிமை போய்விடும். நோயோடு விற்கப்பட்டதை அறியாமல் வாங்கி, அந்த நோயிலேயே பறவை செத்துவிட்டால், நோயற்றதன் மதிப்புக்கும் நோயுற்றதன் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தின் விகிதப்படி விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். ஆனால் தம்முடைய கவனக்குறைவால் செத்ததை விற்றவர் தலையில் கட்டுவது இன்னொரு மோசடியாகும்.

முட்டையும் முன்பணமும்

அடைக்கு வைக்க முட்டை விற்பவர்கள் உண்டு. முட்டையை முட்டையாக விற்பது ஆகும். அதற்குள்ளிருக்கும் குஞ்சைத் தனியே விலை பேசுவது ஆகாது. இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாததை விற்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. முட்டை கெட்டிருப்பது உடைத்த பிறகுதான் தெரியும் என்றால் என்ன செய்வது? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676) தம் மின்ஹாஜில் முட்டையையும் தேங்காயையும் புழு விழுந்த முலாம்பழத்தையுமே உதாரணமாகக் காட்டி, உடைத்துப் பார்த்து அறிந்தாலும் திருப்பலாம் என்று எழுதியிருக்கிறார்கள். எதற்கும் உதவாத அழுகல் முட்டையாயின் அந்த வியாபாரமே செல்லாது. பணத்தை முழுவதும் திருப்ப வேண்டும்.

"அடுத்த மாதம் பொரிக்கும், இப்போதே பணம் கொடுங்கள்" என்று முன்பணம் வாங்குவதும் நடக்கிறது. இன்ன அடையில் பொரிக்கும் இன்ன குஞ்சு என்று குறித்து இப்போதே விற்பது கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில் வயது, இனம், எண்ணிக்கை, தவணை எல்லாம் குறித்து, முழுப்பணத்தையும் அதே சபையில் பெற்று ஸலம் முறையில் விற்கலாம். ஹனஃபீ மத்ஹபில் பிராணிகளில் ஸலம் இல்லை. அவர்கள் அதை வாக்குறுதியாக மட்டும் வைத்து, குஞ்சைக் கையில் கொடுக்கும் நாளில் வியாபாரத்தை முடிக்கட்டும். குஞ்சு பொரிக்காவிட்டால் பணத்தை மடக்கி வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை.

நிறுவை

வளர்ந்த வான்கோழியைப் பெரும்பாலும் உயிர் எடைக்கு விற்கிறார்கள். கிலோ விலை பேசி, இருவர் கண்முன் நிறுத்து, மொத்தம் தெரிந்து ஒப்புக்கொண்டால் குறையில்லை. ஆனால் நிறுப்பதற்கு முன் உப்புத் தீனி போட்டு வயிறு புடைக்கத் தண்ணீர் காட்டுவது என்ன? பாலைக் கறக்காமல் மடியில் தேக்கி, கறவை அதிகம் என்று காட்டி விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, ஏமாந்தவருக்குத் திருப்பும் உரிமையும் அளித்தார்கள். மடியில் தேக்கிய பாலும் இரைப்பையில் தேக்கிய தண்ணீரும் ஒரே தந்திரம்தான். அளவை நிறுவையில் குறைப்பவர்களை எச்சரித்து முதஃப்பிஃபீன் என்னும் 83ஆவது அத்தியாயமே இறங்கியிருக்கிறது. இரவில் தானாகச் செத்த பறவையை இறைச்சியாக விற்பது ஹராம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதை ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு தூவிவிடுவது மற்றப் பறவைகளுக்கும் பாதுகாப்பு.

வாரத்துக்கு விடுதலும் வீட்டுக் கணக்கும்

பெட்டைகளை இன்னொருவரிடம் வளர்க்கக் கொடுத்து, பொரிக்கும் குஞ்சில் பாதி உனக்கு, பாதி எனக்கு என்று பேசும் வழக்கம் கிராமங்களில் உண்டு. ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின்படி இவ்வொப்பந்தம் செல்லாது. குஞ்சுகள் பெட்டைக்காரருக்கே உரியவை, வளர்த்தவருக்கு ஊர் வழக்கப்படியான கூலி கிடைக்க வேண்டும். இதற்கு எளிய வழி இருக்கிறது. பெட்டைகளில் பாதியை வளர்ப்பவருக்கு ஒரு விலைக்கு விற்றுவிடலாம். பணத்தைத் தவணையாக வாங்கிக்கொள்ளலாம். அப்போது இருவரும் பங்காளிகள்; குஞ்சும் இருவருக்கும் சரிபாதி.

வீட்டுத் தாய்மார்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்கி வளர்த்துச் சம்பாதிப்பது அவர்களுக்கே சொந்தம். அவர்கள் மனமொப்பிக் கொடுத்தாலன்றிக் கணவர் அதில் கைவைக்கலாகாது. வீட்டுத் தேவைக்கு வளர்க்கும் பறவைகளுக்கு ஜகாத் இல்லை. வியாபார நோக்கத்தோடு வாங்கியவையாக இருந்து, மதிப்பு நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் வியாபாரப் பொருளுக்குரிய இரண்டரை சதவீதம் கடமையாகும். கணக்கில் ஐயம் வந்தால் அருகிலுள்ள ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்க.

சகோதரர்களே, தாய்மார்களே! பத்துக் குஞ்சு விற்கிற வியாபாரத்துக்கு இத்தனை சட்டமா என்று மலைக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கலாம்: விற்கும் நாளில் அந்தக் குஞ்சைப் பற்றி நமக்கு என்ன தெரியுமோ, அது வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் சில நாள் விற்பனை குறையலாம். ஆனால் வாங்கிய குஞ்சு பிழைத்த வீட்டார் மறுமுறையும் நம் வாசலுக்கே வருவார்கள். அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வருவார்கள். அந்த வருகையும் பரகத்தின் ஒரு பகுதியே.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலை அழுக்கற்றதாக்கி, நம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் ஹலாலை மட்டுமே சேர்ப்பானாக! ஆமீன்.